படித்தாள், சம்பாதித்தாள், மிஞ்சியது யார் பேரில்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம்மவர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் முஸ்லிம் பெண்களின் முன்னேற்றம் பற்றிப் பேச்சு எழுந்தால், பதில்கள் தயாராக இருக்கும். வெளியே நின்று பார்ப்பவர், "அவங்க மார்க்கத்துல பொம்பளைப் பிள்ளைகளைப் படிக்கவே விடமாட்டாங்க" என்பார். ஜமாஅத்தைச் சேர்ந்தவர், "எங்க மார்க்கம் ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னாடியே எல்லா உரிமையும் கொடுத்தாச்சு" என்பார். மேடையில் இருப்பவர் இரண்டு தையல் மெஷினைக் கொடுத்துப் படமும் எடுத்துக்கொண்டு, பெண்களுக்கு அதிகாரம் அளித்துவிட்டோம் என்று அறிவிப்பார்.

முதல் பேச்சு, டர்பனைச் சுற்றிப் பார்க்காதவர் பேச்சு. 1928இல் இதே ஊரில் பிறந்த ஃபாத்திமா மீர், நேட்டால் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பித்தவர். நிறவெறி அரசு போட்ட தடைகளுக்கும் சிறைக்கும் அஞ்சாதவர். இன்றைக்கு முஸ்லிம் பெண் மருத்துவர், வழக்கறிஞர், கணக்காளர் என்றால் இங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மற்ற இரண்டு பேச்சுகளிலும் உண்மை உண்டு. ஆனால், படித்துச் சம்பாதித்த பெண்ணின் கையில் கடைசியில் என்ன மிஞ்சுகிறது, அது யார் பேரில் இருக்கிறது என்ற கேள்வியை இரண்டுமே தொடுவதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காகத்தான். சட்டம் படிக்காதவர்களுக்காக எழுதுகிறேன்; வழக்கறிஞர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பயிர் ஒருவருடையது, பத்திரம் இன்னொருவருடையது

1860 நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது முதல் 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் டர்பன் அடங்கிய நேட்டாலில் இறங்கினார்கள். பெரும்பாலோர் மதராஸ் துறைமுகத்தில் ஏறியவர்கள். அவர்களில் ஒரு சிறு பங்கு முஸ்லிம்கள். ஒப்பந்தம் முடிந்ததும் பலர் ஊர் ஓரத்தில் நிலம் பிடித்துக் காய்கறி போட்டார்கள். கத்தரி, மிளகாய், கீரை, வாழை. விடியுமுன் பெண்கள் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். வார்விக்கில் உள்ள விடிகாலைச் சந்தை 1910இல் வந்தது, இன்றும் நடக்கிறது.

அந்தக் குடும்பங்களிடம் விவசாயம் கைவசம் இருந்தது. விற்கச் சந்தையும் இருந்தது. பலரிடம் இல்லாதது நிலப்பத்திரம். குத்தகை நிலத்தில்தான் அத்தனை உழைப்பும். 1950இல், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரிக்கும் குழுப் பகுதிச் சட்டம் வந்து, பின்னர் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து இந்தியர்களை சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோது, பத்திரம் வைத்திருந்தவரால் குறைந்த விலைக்காவது வாதாட முடிந்தது. குத்தகைக்காரர் பானை சட்டியைத் தூக்கிக்கொண்டு லாரி ஏறினார். கைத்திறமை அப்படியேதான் இருந்தது. ஆனால் அத்தனை வருஷ உழைப்புக்குக் காட்ட ஒரு காகிதம் இல்லை.

இப்போது கைத்திறமை இருக்கும் இடத்தில் படிப்பையும், சந்தை இருக்கும் இடத்தில் வேலையையும் தொழிலையும், பத்திரம் இருக்கும் இடத்தில் "சம்பாதித்தது யார் பேரில்" என்பதையும் வைத்துப் பாருங்கள். மேடைப் பேச்சில் முதல் இரண்டும் வரும். மூன்றாவது வந்து நான் கேட்டதில்லை.

பிடிமானம் என்றால் என்ன

பெண்களுக்கு அதிகாரம் அளித்தல் என்ற சொல்லைப் பலரும் பல விதமாகப் பயன்படுத்துகிறார்கள். பொருளியலாளர் நைலா கபீர் 1999இல் அதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னார்: கையில் இருக்கும் வளம், அதை வைத்துத் தானே முடிவெடுக்கும் வலு, அதனால் கிடைக்கும் பலன். பட்டம் என்பது வளம் மட்டுமே. பட்டம் இருந்தும் வேலைக்குப் போகலாமா என்று வீட்டில் கேட்டுத்தான் போகவேண்டும் என்றால், இரண்டாவது படி இன்னும் வரவில்லை.

அந்த இரண்டாவது படி எங்கிருந்து வருகிறது? அமர்த்தியா சென்னும் இன்னும் சிலரும் இதற்கு ஒரு விடை சொல்லியிருக்கிறார்கள். குடும்பத்துக்குள் ஒருவரின் பேச்சு எவ்வளவு எடுபடும் என்பது, அந்தக் குடும்பம் உடைந்தால் அவர் எந்த நிலைக்குப் போவார் என்பதைப் பொறுத்தது. தனியாகப் போனாலும் தலைக்கு மேல் கூரை இருக்கும் என்று தெரிந்தவள் ஒரு விதமாகப் பேசுவாள். நடுத்தெரு என்று தெரிந்தவள் வேறு விதமாக, பெரும்பாலும் பேசாமலே, இருந்துகொள்வாள். குடும்பம் உடைய வேண்டும் என்பதில்லை. உடைந்தால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தாலே போதும், அது ஒவ்வொரு நாளும் வேலை செய்யும். சாப்பாட்டு மேசையில் மகளின் மேல்படிப்பைப் பற்றிப் பேசும்போதும் வேலை செய்யும். கணவன் மனைவி இருவருமே நல்லவர்களாக இருந்தாலும் வேலை செய்யும். இந்தக் கடைசி நிலையைத்தான் இனி பிடிமானம் என்று சொல்லப்போகிறேன்.

ஆக, இதுவரை: படிப்பும் வருமானமும் வளம். அந்த வளம் முடிவெடுக்கும் வலுவாக மாற, பிடிமானம் வேண்டும். பிடிமானத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சொத்தும் சட்டமும்.

மார்க்கம் கொடுத்தது

ஜமாஅத்தார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நிக்காஹின்போது மணமகன் மணமகளுக்குக் கொடுக்கவேண்டிய மஹர் அவளுக்கே சொந்தம். அவள் வாப்பாவுக்கும் அல்ல, மாமியார் வீட்டுக்கும் அல்ல. குர்ஆன் நான்காம் அத்தியாயம் இதைச் சொல்கிறது. ஆண்கள் சம்பாதித்தது ஆண்களுக்கு, பெண்கள் சம்பாதித்தது பெண்களுக்கு என்பதும் அதே அத்தியாயத்தில்தான். நபிகளின் முதல் மனைவி கதீஜா வியாபாரம் செய்தவர் என்பது மதரஸாப் பிள்ளைக்கும் தெரியும். திருமணத்தால் மனைவியின் சொத்து கணவனுக்குப் போவதில்லை. வீட்டுச் செலவு கணவன் கடமை. மனைவி பணக்காரியாக இருந்தாலும் அது அவன் கடமைதான்.

இதோடு ஒப்பிட்டால் இந்த நாட்டின் பொதுச் சட்டம் நெடுங்காலம் பின்தங்கியே இருந்தது. பதிவுத் திருமணம் செய்த மனைவி, வேறு ஒப்பந்தம் எழுதாவிட்டால், கணவனின் அதிகாரத்துக்கு உட்பட்டவள். அவன் சம்மதமில்லாமல் பெரிய ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போட முடியாது. புதிதாகத் திருமணம் செய்யும் இந்தியப் பெண்களுக்கு இது 1984இல்தான் போனது. வேடிக்கை என்னவென்றால், நிக்காஹ் மட்டும் செய்திருந்த பெண்ணை அரசு கல்யாணம் ஆகாதவள் என்றே கருதியதால், இந்தக் கட்டு அவளுக்கு இல்லை. மனைவி என்ற பாதுகாப்பும் இல்லை.

சரி, மனைவி சம்பாதித்தது மனைவிக்கே என்றால் பிடிமானம் வந்துவிட்டதே, அப்புறம் என்ன குறை?

அவள் சம்பளம் தின்று தீர்கிறது

கற்பனையாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். டர்பனை அடுத்த ஃபீனிக்ஸில் ஒரு தமிழ் முஸ்லிம் வீடு. கணவன் கடை வைத்திருக்கிறான். மனைவி காலையில் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. மாலையில் மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஆப்பா. பெருநாளுக்கு முன் வரும் வாரங்களில் இரவெல்லாம் பிஸ்கட்டும் சமோசாவும். வீட்டில் ஒரு ஏற்பாடு தானாக அமைந்துவிடுகிறது. வீட்டு பாண்ட், அதாவது வீட்டுக் கடன் தவணையைக் கணவன் கட்டுகிறான். வங்கியில் அவன் பேர்தான் இருக்கிறது. காய்கறி, இறைச்சி, மின்சாரம், பள்ளிக் கட்டணம், சீருடை, மாமியாரின் மருந்து எல்லாம் அவள் சம்பளத்தில்.

இருபது வருஷம் கழித்துப் பாருங்கள். அவன் கட்டிய பணம் சுவரும் கூரையுமாக நிற்கிறது. அவள் கட்டிய பணம் தின்று தீர்ந்தது, உடுத்திக் கிழிந்தது, படித்துப் பட்டமாகப் பிள்ளைகளோடு போய்விட்டது. "அவரவர் சம்பாதித்தது அவரவருக்கு" என்ற விதியை இப்போது நேர்மையாக, ஒரு காசு பிசகாமல் போட்டால், வீடு முழுக்க அவனுக்கு. அவளுக்கு வங்கியில் கிடக்கும் மிச்சமும் மஹரும். மஹர் இங்கே சிலர் எழுதுவதுபோல் ஒரு க்ரூகர்ராண்ட் தங்கக் காசு என்றால், ஒரு அவுன்ஸ் தங்கம்.

இத்தனைக்கும் இவள் சம்பளம் வாங்கியவள். கணவனின் கடையில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் வருஷக்கணக்காகச் சம்பளமில்லாமல் நின்றவளுக்கும், வேலைக்கே போகாமல் நாலு பிள்ளை வளர்த்தவளுக்கும் கணக்கில் காட்ட அதுவும் கிடையாது. "கடையில நானும்தானே நின்னேன்" என்ற வார்த்தை இந்த ஊர் லாத்தாமார்களின், அதாவது முஸ்லிம் அக்காமார்களின், வாயில் அடிக்கடி வரும். நின்றதற்கு ரசீது இல்லை.

தனிச்சொத்து விதி சொத்து வைத்திருக்கும் பெண்ணைக் காப்பாற்றும். சொத்து சேர்ப்பதற்குப் பின்னால் நின்ற பெண்ணைக் காப்பாற்ற அது மட்டும் போதாது. அங்கே நாட்டுச் சட்டம் கைகொடுக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் அது நூறு வருஷத்துக்கும் மேல் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

செல்லாத கல்யாணம்

1913 மார்ச் 14 அன்று கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். இந்தியாவிலிருந்து கணவனிடம் வந்த பாய் மரியம் என்ற முஸ்லிம் பெண்ணுக்கு மனைவி என்ற முறையில் நாட்டுக்குள் வர உரிமை இல்லை; பலதார மணத்துக்கு இடம் தரும் மதத்தின்படி நடந்த கல்யாணத்தை இந்த நாடு ஏற்காது. ஒரே தீர்ப்பில் இந்துக் கல்யாணங்களும் அந்தரத்தில் நின்றன. அந்த ஆண்டின் சத்தியாக்கிரகத்தில் பெண்கள் இறங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சிறைக்குப் போய், நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22இல் பதினாறு வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மையை நமக்கெல்லாம் தெரியும். அந்தப் போராட்டத்துக்குத் தூண்டுகோலான தீர்ப்பு ஒரு முஸ்லிம் பெண்ணுடையது என்பதை நம் மேடைகளில் அவ்வளவாகச் சொல்வதில்லை. 1914இல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம், ஒரே மனைவி என்றிருந்த திருமணங்களுக்குப் பதிவு மூலம் ஒரு வழி திறந்தது. பதிவு செய்யாத நிக்காஹ் செல்லாததாகவே தொடர்ந்தது.

செல்லாதது என்றால் மார்க்கப்படி செல்லாது என்று பொருளில்லை. ஜமாஅத்துக்கும் அல்லாஹ்வுக்கும் முன் அவர்கள் கணவன் மனைவி. அரசு அலுவலகத்தின் முன் இரண்டு தனி ஆட்கள். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். இந்தியாவில் 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டப்படி நிக்காஹை நீதிமன்றம் ஏற்கும். அந்த நினைப்பிலேயே இங்கே பள்ளிவாசலில் நிக்காஹ் முடித்து, வலீமா பிரியாணியும் சாப்பிட்டுவிட்டு, சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடுவார்கள்.

இதன் பொருளாதார விளைவு எப்படி இருந்தது என்பதற்கு மூன்று வழக்குகள் போதும். 1983இல் இஸ்மாயில் என்ற பெயரில் அறியப்படும் வழக்கில், விவாகரத்தான மனைவி பாக்கி ஜீவனாம்சம், இத்தா (விவாகரத்துக்குப் பின் காத்திருக்கும் காலம்) காலச் செலவு, மஹர், நகை ஆகியவற்றைக் கேட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. அந்தத் திருமணமே பொதுக் கொள்கைக்கு விரோதம், அதனால் அதிலிருந்து பிறந்த மஹரையும் வாங்கித்தர முடியாது என்றது. அதாவது மார்க்கம் கொடுத்த பிடிமானத்தைக்கூட நாட்டு நீதிமன்றம் வசூலித்துத் தரவில்லை. அடுத்து, சாலை விபத்தில் கணவனை இழந்த பெண் விபத்து நிதியிடம் இழப்பீடு கேட்டபோது, நீங்கள் மனைவியே இல்லையே என்ற பதில் வந்தது. 1999இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம்தான் அவர் பக்கம் நின்றது. மூன்றாவது டேனியல்ஸ் வழக்கு. 1977இல் நிக்காஹ். கணவர் 1994இல் உயில் எழுதாமல் இறந்தார். குடியிருந்த வீடு அவர் பேரில். வாரிசுச் சட்டத்தின் கண்ணில் விதவை மனைவி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 2004இல் அரசியலமைப்பு நீதிமன்றம், "துணை" என்ற சொல்லுக்கு முஸ்லிம் முறைப்படி மணந்தவரும் அடக்கம் என்றது. பலதார மணத்தில் இருந்த விதவைகளுக்கும் அது பொருந்தும் என்று 2009இல் சேர்த்துக்கொண்டது. பதிவில்லாத இந்துத் திருமணத்துக்கும் டர்பன் நீதிமன்றம் 2008இல் இதே வழியில் போனது, அதனால் இது முஸ்லிம்கள் வீட்டுச் சிக்கல் மட்டும் என்று நம்மில் யாரும் நிம்மதியடைய வேண்டாம்.

சுருக்கமாக: கணவன் இறந்தால் மனைவிக்கு ஏதாவது கிடைக்கும் என்ற நிலை 2004க்குப் பிறகு வந்தது. தலாக்கில் முடிந்தால் என்ன என்ற கேள்வி அப்போதும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

ஒரு கணக்கு

பதிவுத் திருமணத்தில் சொத்தை மூன்று விதமாக வைத்துக்கொள்ளலாம். ஒன்று கூட்டுச் சொத்து: எதுவும் எழுதாமல் பதிவு செய்தால் தானாக வருவது இதுதான், இருவர் சொத்தும் கடனும் ஒரே பானையில், ஆளுக்குப் பாதி. மற்ற இரண்டுக்கும் திருமணத்துக்கு முன்பே நோட்டரி வழக்கறிஞரிடம் ஒப்பந்தம் எழுதவேண்டும்; ஏஎன்சி என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். அந்த ஒப்பந்தத்தில் அக்ரூவல் சேர்ந்து வரும், வேண்டாம் என்று எழுதினால் போய்விடும். அக்ரூவல் என்பது, திருமணக் காலத்தில் ஒவ்வொருவர் சொத்தும் எவ்வளவு வளர்ந்தது என்று பார்த்து, அந்த வித்தியாசத்தில் பாதியைக் குறைவாக வளர்ந்தவருக்குக் கொடுப்பது.

நம் ஃபீனிக்ஸ் தம்பதி வெறுங்கையோடு தொடங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருபது வருஷத்தில் அவன் பேரில் 12 லட்சம் ராண்ட் வீடு. அவள் பேரில் 1 லட்சம் ராண்ட் சேமிப்பு. கூட்டுச் சொத்தாக இருந்தால் மொத்தம் 13 லட்சம், ஆளுக்கு ஆறரை. அக்ரூவலுடன் ஏஎன்சி என்றால் வித்தியாசம் 11 லட்சம், அதில் பாதி ஐந்தரை அவளுக்கு வரும், தன் ஒரு லட்சத்தோடு அவளுக்கும் ஆறரை. அக்ரூவல் இல்லாத ஏஎன்சி என்றால் அவளுக்குத் தானாக வருவது அந்த 1 லட்சம்தான். நிக்காஹ் மட்டும் என்றாலும் அதே 1 லட்சம்.

ஒரே பெண், ஒரே பட்டம், ஒரே சம்பளம், ஒரே சமோசா. ஒரு காகிதத்தால் ஆறரை லட்சம் ஒரு லட்சமாகிறது. கணவன் இறந்து, இஸ்லாமிய முறைப்படி உயில் இருந்தால், பிள்ளைகள் உள்ள விதவைக்கு எட்டில் ஒரு பங்கு. 12 லட்சத்தில் ஒன்றரை லட்சம்.

மார்க்க அறிஞர்களான உலமாக்கள் பலர் கூட்டுச் சொத்தையும் அக்ரூவலையும் ஷரீஅத்துக்கு ஒத்துவராது என்பார்கள். அதனால் அக்ரூவல் இல்லாத ஏஎன்சியைத்தான் பரிந்துரைப்பார்கள். அவர்களோடு மார்க்கச் சட்டத்தில் மல்லுக்கு நிற்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள நம் சொந்தங்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே ஷரீஆ நீதிமன்றமே, திருமணக் காலத்தில் இருவரும் சேர்ந்து தேடிய சொத்து என்று ஒரு வகை வைத்து, ஹர்த்தா செபன்சாரியன் என்ற பேரில் மனைவிக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கிறது. மனைவியின் வீட்டுவேலையும் அதில் கணக்கில் வரும். மொராக்கோவிலும் மனைவியின் உழைப்புக்குப் பங்கு தரும் பழைய ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்டவியல்) மரபு உண்டு. ஆக, மார்க்கத்துக்குள்ளேயே வழி தேடியவர்கள் இருக்கிறார்கள்.

2022இல் என்ன மாறியது

2022 ஜூன் 28 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. முஸ்லிம் திருமணங்களை அங்கீகரிக்காத திருமணச் சட்டமும் விவாகரத்துச் சட்டமும் அரசியலமைப்புக்கு முரண் என்றது. வழக்கை நடத்தியது கேப் டவுனில் உள்ள பெண்கள் சட்ட மையம். வழக்கு தொடுத்த 2014 டிசம்பர் 15 அன்று நடப்பில் இருந்த திருமணங்களுக்கும் இது பொருந்தும். அதன்பின் 2024 மே மாதம் விவாகரத்துச் சட்டத் திருத்தம் வந்தது. அதில் முஸ்லிம் திருமணம் என்றால் என்ன என்பதே வரையறையாகச் சேர்ந்தது.

இதைக் கேட்டுவிட்டு, இனி நிக்காஹே பதிவுத் திருமணத்துக்குச் சமம் என்று பேசுபவர்களைப் பார்க்கிறேன். அவசரம் வேண்டாம். அந்தத் தீர்ப்பின் ஏற்பாட்டில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் நிக்காஹ் தம்பதியின் சொத்து தனித்தனிதான். பாதிப் பங்கு தானாக வராது. வந்திருப்பது நீதிமன்றக் கதவு. அந்தக் கதவுக்குள் இருக்கும் முக்கியமான பொருள் மறுபங்கீடு: விவாகரத்தின்போது, ஒருவர் சொத்து வளர மற்றவர் உதவியிருந்தால், நியாயமான ஒரு பகுதியை அவருக்கு மாற்றிக் கொடு என்று நீதிபதி உத்தரவிடலாம். உதவி என்றால் பணம் மட்டும் இல்லை. செய்த வேலையும், இவர் இருந்ததால் மிச்சமான செலவும் சட்டத்தின் வார்த்தையிலேயே அடங்கும். கடையில் நின்றது, ஆள் வைக்காமல் பிள்ளை வளர்த்தது, அவள் மளிகைக்குக் கொடுத்ததால் அவனால் பாண்ட் கட்ட முடிந்தது, எல்லாம் வாதமாக வைக்கலாம். ஜீவனாம்சமும் இத்தா முடிந்ததோடு நின்றுவிட வேண்டியதில்லை, நீதிபதி பார்த்து நீட்டலாம்.

ஆனால் கேட்கவேண்டும். வழக்கு போடவேண்டும், செலவு செய்யவேண்டும், நிரூபிக்கவேண்டும். படிப்பு திரும்ப உள்ளே வருவது இங்கேதான்.

அப்படியானால் படிப்பு எதற்கு

பத்திரம்தான் முக்கியம் என்றால் படிப்பும் தொழிலும் எதற்கு என்று கேட்கலாம். பத்திரத்தில் பேர் சேர்க்கச் சொல்லிக் கேட்கும் தைரியமும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கும் திறனும், தன் பேரில் பாண்ட் வாங்கச் சம்பளச் சீட்டும் வேண்டுமே. மூன்றும் ஒன்றையொன்று தாங்கும்.

பாட்டிமார் காலத்தில் வயதுக்கு வந்ததும் பள்ளியை நிறுத்துவது இந்து, முஸ்லிம் இரு வீட்டிலும் வழக்கம். அறுபதுகளில் இருந்து டர்பன் ஆடைத் தொழிற்சாலைகளில் இந்தியப் பெண்கள் திரளாகச் சேர்ந்தபோதுதான் வெள்ளிக்கிழமைச் சம்பள உறை பல பெண்களின் கையில் முதன்முதலாக வந்தது. தொண்ணூறுகளில் இறக்குமதி வரி குறைந்து மலிவுத் துணி குவிந்ததும் அந்த வேலைகள் கரைந்தன. தையல் தெரிந்த கை மட்டும் வீட்டில் மிஞ்சியது. மேடையில் மெஷின் கொடுப்பவர்கள் இதை நினைத்துப் பார்ப்பது நல்லது. இந்த ஊரில் தைக்கத் தெரியாததால் எந்தப் பெண்ணும் ஏழையாகவில்லை.

இதற்கு நேரெதிரான ஒரு காரியமும் இதே ஊரில்தான் நடந்தது. ஸுலைகா மாயத் என்பவர் 1954இல் பெண்கள் பண்பாட்டுக் குழு ஒன்றைத் தொடங்கினார். பெரும்பாலும் முஸ்லிம் குடும்பத் தலைவிகள். 1961இல் அவர்கள் தொகுத்த 'இந்தியன் டிலைட்ஸ்' சமையல் புத்தகம் தென்னாப்பிரிக்க இந்திய வீடுகளின் சமையலறையில் இன்றும் மசாலாக் கறையோடு கிடக்கும். அதைக் குழுவே பதிப்பித்தது, குழுவே விற்றது, பணமும் குழுவிடமே வந்தது. அந்த வருமானம் மாணவர்களின் படிப்புக்கு உதவித்தொகையாகப் போனது. பக்குவம் அடுப்படியில் கற்றதுதான், இரவெல்லாம் பிஸ்கட் சுடும் நம் ஃபீனிக்ஸ் ஆசிரியைக்கும் தெரிந்ததுதான். இவர்களுடைய வருமானம் யாருடைய கல்லாவுக்கும் போகவில்லை.

இன்று மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்த பெண்ணுக்கு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 350,000 ராண்டுக்குள் இருந்தால், அரசின் என்எஸ்எஃப்ஏஎஸ் உதவியில் பொதுப் பல்கலைக்கழகத்துக்குப் போக வழி இருக்கிறது. ஒப்பந்தக் கூலியாக வந்து வியாபாரியான எம். எல். சுல்தானின் நன்கொடையால் எழுந்த தொழில்நுட்பக் கல்லூரி 2002இல் இன்னொன்றோடு இணைந்து, இப்போது டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். கதவுகள் இருக்கின்றன. மகளைச் சேர்க்கும் பெற்றோர் நிறையப் பேர். அதே மகளின் நிக்காஹ் பேச்சில் ஹால், சாப்பாடு, நகை எல்லாம் பேசி முடித்த பிறகும் ஏஎன்சி பற்றிப் பேச வாய் வராதவர்களும் அதே பெற்றோர்தான்.

நிக்காஹுக்கு முன் பேசவேண்டியது

"முதல்ல நிக்காஹ் முடியட்டும், ரெஜிஸ்டர் அப்புறம் பார்க்கலாம்" என்பதுதான் அதிகம் கேட்கும் வாக்கியம். ஏஎன்சியைத் திருமணத்துக்கு முன்பே எழுதவேண்டும். எழுதாமல் பிறகு போய்ப் பதிவு செய்தால், யாரும் யோசிக்காமலே கூட்டுச் சொத்துக்குள் போய்விடுவார்கள். கணவனின் கடைக்கடனும் அவள் தலையில் பாதி. சொத்து முறையை அதன்பின் மாற்ற நீதிமன்றம் போகவேண்டும், செலவு அதிகம். நிக்காஹ் ஓதும் இமாமே அரசின் திருமணப் பதிவு அதிகாரியாகவும் இருக்கலாம். 2014இல் நூற்றுக்கும் மேற்பட்ட இமாம்கள் அந்தப் பயிற்சி முடித்தார்கள். உங்கள் பள்ளிவாசல் இமாம் அவர்களில் ஒருவரா என்று கேட்டால் ஒரே நாளில் இரண்டும் முடிந்துவிடும். அதற்கு முன் நோட்டரியைப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அக்ரூவலில் மனம் ஒப்பாத குடும்பங்களுக்கும் வழி உண்டு. வீட்டுப் பத்திரத்தில் இருவர் பேரும் இருக்கட்டும். கடையில் மனைவி நின்றால், கூட்டாளி என்று எழுதுங்கள் அல்லது சம்பளம் என்று அவள் கணக்கில் போடுங்கள். கணவன் மனைவி கூட்டு வியாபாரத்தை எந்த ஆலிமும் தடுக்கமாட்டார். யார் மளிகைக்குக் கொடுப்பது, யார் பாண்ட் கட்டுவது என்பதை மாற்றி மாற்றிச் செய்யலாம். அல்லது இரண்டையும் ஆளுக்குப் பாதி. ஏற்கெனவே நிக்காஹ் மட்டும் செய்து பல வருஷம் ஆனவர்கள் பள்ளிக் கட்டண ரசீது, வங்கிக் கணக்கு அறிக்கை, கடைக்குச் சரக்கு வாங்கிய பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள். மறுபங்கீடு கேட்கும்போது நீதிபதி முன் பேசுவது அந்தக் காகிதங்கள்தான்.